ஓரணா முதல் காலை உணவு வரை: தமிழ்நாட்டில் குழந்தைகள் உணவுத் திட்டங்களின் வரலாறு

பள்ளிக்கு வரும் ஏழைக் குழந்தைகளுக்குப் பொதுப்பணத்தில் உணவளிக்கும் முயற்சி சென்னையில் 1920ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது சென்னை மாநகராட்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்க அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக்கூடாது என்பது நிபந்தனை. அப்பள்ளியில் படிப்பவர்கள் ஏழைகள், அதனால் மாணவர் எண்ணிக்கை பெரிதும் பாதிக்கப்படுகிறது என்பதே தியாகராயர் முன்வைத்த காரணம். பள்ளியில் பிள்ளைகள் இருக்க வேண்டும், அதற்குச் சோறு வேண்டும் என்பதாக அந்த வாதம் அமைந்தது. குழந்தையின் உடல்நலம் அப்போது தனிக் காரணமாகப் பேசப்படவில்லை.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளில் சிற்றுண்டி வழங்கப்பட்டது. 1922-23இல் இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 811 மாணவர்கள் இருந்தனர். 1924-25இல் அந்த எண்ணிக்கை 1,671 ஆனது. இந்தப் பெருக்கம் முழுவதையும் சிற்றுண்டியின் கணக்கில் எழுதிவிட முடியாது. 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டமும் அக்காலத்தில் பள்ளிச் சேர்க்கையை ஊக்குவித்து வந்தது. ஆயினும், இரண்டே ஆண்டுகளில் இருமடங்கான ஒரு திட்டம் 1925 ஏப்ரல் 1 அன்று நிறுத்தப்பட்டது. அது பயனற்றது என்று யாரும் நிறுவவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு அனுமதி மறுத்தது, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து 25 பள்ளிகளில் சுமார் ஆயிரம் ஏழை மாணவர்களுக்கு மட்டும் மீண்டும் உணவு தொடங்கியது. பள்ளிக்குச் சராசரியாக நாற்பது பேர். அந்த நாற்பது பேர் யார் என்று வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

குழந்தைக்குக் கொடுக்கும் சோறு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது, யார் அதற்குப் பொறுப்பு என்ற கேள்வி அன்று முதல் இந்தத் திட்டங்களின் கூடவே வந்திருக்கிறது.

ஊரார் பங்கும் வெளிநாட்டுப் பால்மாவும்

1954இல் முதலமைச்சரான காமராசர் கல்வியில் எடுத்த முதல் முடிவுகளுள் ஒன்று, முந்தைய ஆட்சியில் இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்ததாக மதிய உணவு வந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராசர் கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு நிகழ்ச்சி பரவலாகச் சொல்லப்படுகிறது. ஊருக்கு ஊர் அந்தக் கதை மாறினாலும், பள்ளிக்கும் பசிக்கும் இருந்த தொடர்பை அரசு எப்படிப் புரிந்துகொண்டது என்பதை அது காட்டுகிறது.

1956 சூலையில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதைச் செயல்படுத்துவதில் முன்னின்றார். இதற்கெனப் பெரிய நிதி எதுவும் ஒதுக்கப்படவில்லை. ஊர்ப் பெரியவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் குழு அமைத்து, பணமாகவும் பொருளாகவும் திரட்டிச் சமைத்துப் போட்டனர். 1957இன் பிற்பகுதியில் அரசு மானியம் தரத் தொடங்கியது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்கிட்டு, ஆறு பைசாவை அரசும் நான்கு பைசாவை ஊராரும் ஏற்றனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் உணவு வழங்கப்பட்டது.

ஊரார் பங்கு என்பது இத்திட்டத்தின் பலமாகவும் பலவீனமாகவும் இருந்தது. பள்ளியைத் தம்முடையதாகக் கருதும் மனநிலை கிராமங்களில் வளர்ந்ததில் மதிய உணவுக்கும் அதே காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கும் பங்குண்டு. ஆனால் விளைச்சல் நன்றாக இருந்த ஊரில் நான்கு பைசா எளிதாகச் சேர்ந்தது. வறண்ட ஊரில் சேரவில்லை. எங்கே பசி அதிகமோ அங்கே ஊரார் பங்கு குறைந்தது. 1961 முதல் ‘கேர்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால்மாவு, எண்ணெய் போன்றவற்றை வழங்கியதால் இந்த இடைவெளி ஓரளவு நிரம்பியது. அக்காலத்தில் பள்ளிக்குச் சென்றவர்கள் இன்றும் நினைவுகூரும் பால்மாவு இப்படி வந்ததே. எனினும் இதுவும் ஏழைகள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான திட்டமாகவே நீடித்தது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் இதில் இல்லை.

எடைத் தராசும் சோற்றுத் தட்டும்

ஊட்டக்குறைவின் பெரும்பாதிப்பு குழந்தை பள்ளிக்கு வருவதற்கு முன்பே, குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில் நேர்கிறது. இந்த மருத்துவ உண்மை 1970களில்தான் அரசுத் திட்டங்களில் இடம்பெற்றது. 1975 அக்டோபர் 2 அன்று ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை நாடெங்கும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்கான ஊட்டச்சத்துக் கல்வி ஆகிய ஆறு பணிகளும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த இடத்துக்கு அங்கன்வாடி என்று பெயர். தமிழ்நாட்டில் மக்கள் வாயில் அது இன்றும் பால்வாடிதான்.

1980இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முன்னோடியாகத் தொடங்கியது. இதன் மையப்பொருள் எடைத் தராசு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகள் அனைவரையும் மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துப் பார்ப்பார்கள். எடை போதுமான அளவு ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துமாவு உருண்டை வழங்கப்படும். எடை தேறினால் உணவு நிறுத்தப்படும். ஊரிலேயே வாழும் ஒரு பெண் ஊட்டச்சத்துப் பணியாளராக நியமிக்கப்பட்டு இதைக் கவனித்தார். செலவு குறைவு, தேவையானவருக்கே போய்ச்சேரும் என்பதால் திட்ட வல்லுநர்கள் இதைப் பெரிதும் விரும்பினர். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்ததாக மதிப்பீடுகளும் காட்டின.

இரண்டே ஆண்டுகளில் அதே மாநிலம் இதற்கு நேர் எதிரான கொள்கையில் மற்றொரு திட்டத்தைத் தொடங்கியது. 1982 சூலை 1 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஊரகப் பகுதிகளில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கு முதலில் உணவு வழங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும், 1984 செப்டம்பரில் 15 வயது வரை படிக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. பயனடைந்த குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 60 இலட்சம். இங்கே யாரையும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. வந்து அமர்ந்தவருக்குச் சோறு. சிறுவயதில் தாம் பட்டினி கிடந்த அனுபவமே இத்திட்டத்துக்குக் காரணம் என்று எம்.ஜி.ஆர். கூறினார்.

இது ஓட்டுக்கான திட்டம், மாநில நிதி தாங்காது, பள்ளிக்கூடம் சாப்பாட்டுக் கூடமாகிவிடும் என்றெல்லாம் பொருளாதார அறிஞர்களும் எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் விமர்சித்தன. நிதி பற்றிய கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் விமர்சகர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. வடிகட்டித் தேர்ந்தெடுக்கும் திட்டத்துக்கு வலுவான ஆதரவாளர்கள் அமைவதில்லை, ஏனெனில் அதன் பயனாளிகள் ஊரிலேயே வலுவற்றவர்கள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் உண்ணும் உணவு ஒருநாள் நின்றால் ஊரே கேட்கும். 1925இல் கேட்க ஆளில்லை. மேலும் இத்திட்டத்தின் செலவு தொடக்கத்திலிருந்தே மாநில அரசின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. ஊராரின் விளைச்சலையோ வெளிநாட்டுக் கப்பலையோ எதிர்பார்க்கவில்லை.

அதேவேளை எடைத் தராசுத் திட்டம் எட்டிய வயதினரைச் சத்துணவு எட்டவில்லை என்பதும் உண்மை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வரிசையில் வந்து தட்டு ஏந்தாது. 1990களின் இறுதியில் ஊட்டச்சத்துத் திட்டம் அங்கன்வாடித் திட்டத்தோடு இணைந்த பிறகும் இந்த இடைவெளி முழுவதும் அடைபடவில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. முந்தைய ஆய்வில் இது 50.7 விழுக்காடு.

முட்டை

1989 சூனில் கலைஞர் மு. கருணாநிதி அரசு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவித்த முட்டை வழங்கத் தொடங்கியது. 1998இல் அது வாரம் ஒன்றாயிற்று. பின்னர் இரண்டு, மூன்று என ஏறி, 2010இல் பள்ளி நாட்கள் ஐந்திலும் முட்டை என்ற நிலை வந்தது. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம். 2013இல் செ. ஜெயலலிதா ஆட்சியில் தக்காளி சாதம், புளியோதரை எனக் கலவை சாதங்கள் முன்னோடியாக அறிமுகமாயின. ஒரு கட்சி தொடங்கியதை மறு கட்சி நிறுத்தவில்லை. அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தது. தொடக்கத்தில் கடுமையாக எதிர்த்தவர்களின் ஆட்சியிலும் திட்டம் எம்.ஜி.ஆர். பெயரிலேயே நடந்தது. தமிழக அரசியல் போட்டி குழந்தைகளுக்கு நேரடியாகப் பயன்பட்ட அரிய இடம் இது.

நீதிமன்றம் சொன்னது

ஒன்றிய அரசு 1995 ஆகஸ்ட் 15 முதல் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு உணவு ஆதரவு அளித்தது. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் சமைத்த உணவுக்குப் பதில் மாதம் 3 கிலோ தானியமே கிடைத்தது. 2001இல் கிடங்குகளில் தானியம் குவிந்திருக்க, இராஜஸ்தான் உள்ளிட்ட பகுதிகளில் மக்கள் வறட்சியில் பசித்திருந்த நிலையை மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. அவ்வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று வந்த இடைக்கால ஆணை, ஒவ்வொரு அரசுத் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் வழங்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் பழகிப்போன ஒரு நடைமுறை இவ்வாறு நாடு முழுவதற்கும் சட்டக் கடமையாயிற்று. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உறுதிசெய்தது.

காலை உணவு

மதியம் சோறு கிடைக்கும் என்பதாலேயே பல பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடு வந்தனர். விடியற்காலையில் வேலைக்குப் போகும் பெற்றோர் உள்ள வீடுகளில் இது வழக்கம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு. க. ஸ்டாலின் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதற்கட்டமாக 1,545 அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான சுமார் 1.14 இலட்சம் மாணவர்களுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவற்றை வழங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்பின் அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன.

சமையற்கூடம்

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத இடம் சமையற்கூடம். 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், மதிய உணவு சமைத்த கூரைக் கொட்டகையில் பற்றிய தீ வகுப்பறைக் கூரைக்குப் பரவியதில் 94 குழந்தைகள் இறந்தனர். இருபத்திரண்டு ஆண்டுகளாக முட்டைக்கும் அரிசிக்கும் கணக்குப் பார்த்தவர்கள் விறகடுப்பையும் ஓலைக் கூரையையும் பார்க்கவில்லை. அதன் பிறகே பள்ளிகளில் கூரைகள் அகற்றப்பட்டன.

சமைப்பவர் யார் என்பதும் சிக்கலாகவே இருந்தது. ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது சாதி வேற்றுமையைக் குறைக்கும் என்ற நம்பிக்கை ஓரளவு பலித்தது. ஆயினும் 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைப்பதை ஆதிக்கச் சாதியினர் சிலர் எதிர்த்தனர். அதிகாரிகள் அவரை இடமாற்றம் செய்தனர். போராட்டம் எழுந்த பின்னரே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

1982இல் ஒவ்வொரு மையத்திலும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்ற பணிகளுக்குக் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. நாட்டின் மிகப்பெரிய பெண்கள் வேலைவாய்ப்புத் திட்டங்களுள் ஒன்றாக இது அமைந்தது. ஆனால் இன்று 43,000க்கும் மேற்பட்ட மையங்களில் பணிபுரியும் இவர்கள் முழுநேர அரசு ஊழியர்களாகக் கருதப்படுவதில்லை. சிறப்புக் காலமுறை ஊதியத்துக்குப் பதில் முறையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டு அவர்களின் சங்கங்கள் தொடர்ந்து போராடி வருகின்றன. அண்மையில் 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை நிரப்ப அரசு ஆணையிட்டபோது நிர்ணயித்த தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய்.