பெருமைக்கு வளர்த்த யானை

பிராணிகளை வளர்ப்பதற்கு மனிதனுக்குள்ள காரணங்கள் பல. வயலை உழ எருதையும், வாசலைக் காக்க நாயையும், எலியைப் பிடிக்கப் பூனையையும் வளர்த்தவனுக்கும் அப்பிராணிகளுக்கும் இடையே ஒருவகைக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதனூடே அன்பும் வளர்ந்தது. ஆனால், அயலவன் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஓர் உயிரைக் கொண்டுவந்து முற்றத்திலே கட்டிவைப்பது முற்றிலும் வேறான ஒரு மரபாகும். அரண்மனைகளிலே செழித்த அம்மரபு இன்று பணம் படைத்தோர் வீட்டு வளவுவரை வந்து சேர்ந்திருக்கிறது. அதன் வரலாற்றை ஆராயப் புகுவோருக்கு யானையைவிடச் சிறந்த சாட்சி கிடைப்பதரிது. கிளியும் நாய்க்குட்டியும் தகாத காரணத்துக்காக வளர்க்கப்பட்டால் அவற்றின் துன்பம் நான்கு சுவர்களுக்குள் மறைந்துவிடும். யானையின் துன்பத்தை மறைக்கச் சுவர்கள் போதா.

1514 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரோமாபுரியின் வீதிகளிலே ஒரு பவனி சென்றது. போர்த்துக்கல் மன்னன் மனுவேல் பாப்பரசர் பத்தாம் லியோவுக்கு அனுப்பிய தூதுக்குழு அது. சிறுத்தைகளும் கிளிகளும் பாரசீகக் குதிரையும் அதில் இருந்தன. ஆனால் மக்கள் கூட்டங்கூட்டமாக ஓடிவந்தது ஒரு வெண்ணிற யானைக் கன்றைப் பார்ப்பதற்காகும். இந்தியாவிலிருந்து கப்பலேறி லிஸ்பனை அடைந்து, அங்கிருந்து மீண்டும் கடலேறி இத்தாலிக்கு வந்த விலங்கு அது. பாப்பரசர் முன் அது மும்முறை மண்டியிட்டது; தொட்டியிலிருந்த நீரைத் துதிக்கையால் உறிஞ்சிச் சுற்றி நின்றோர்மீது பீச்சியது. பாப்பரசர் குழந்தைபோல் மகிழ்ந்தார் என்பர். ரோமர் அதனை ‘அன்னோனே’ என அழைத்தனர். மலையாள நாட்டுப் பாகர்கள் வாயிலிருந்து வந்த ‘ஆன’ என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது எனக் கருதுவோர் உளர். அது உண்மையாயின், நம் ‘ஆனை’யும் பாப்பரசரின் முற்றத்திலே சில காலம் உலாவியது எனலாம்.

இப்பரிசின் நோக்கம் பாப்பரசரை மகிழ்விப்பது மட்டுமன்று. கீழைத்தேசக் கடல்களிலும் கரைகளிலும் தான் கைப்பற்றியவற்றுக்கும் இனிக் கைப்பற்ற இருந்தவற்றுக்கும் திருச்சபையின் அங்கீகாரத்தை மனுவேல் நாடியிருந்தான். அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே போர்த்துக்கேயரின் உரிமைகளை உறுதிப்படுத்தும் பாப்பரசரின் ஆணை வெளிவந்தது. யானை ஒன்றே அதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. எனினும் ஆசியாவைக் கொள்வதற்கு எழுதிய உறுதியிலே ஆசியாவின் விலங்கொன்று கையூட்டாக இருந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்த யானை ரோமாபுரியில் வாழ்ந்த காலம் இரண்டாண்டுகளும் சில மாதங்களுமே. அது நோயுற்றபோது வைத்தியர்கள் அக்காலத்து முறைப்படி பொன் கலந்த பேதி மருந்தைக் கொடுத்தனர். 1516 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் திகதி அது இறந்தது. பாப்பரசர் வருந்தவில்லை என்று சொல்ல முடியாது. புகழ்பெற்ற ஓவியர் ரஃபாயேலைக் கொண்டு அதன் உருவத்தைத் தீட்டுவித்தார். யானைக்குப் பொன்னை ஊட்டிய வைத்தியமும் இறந்தபின் ஓவியம் எழுதிய துயரமும் ஒரே மனநிலையின் இரு வெளிப்பாடுகளாகவே நமக்குத் தோன்றுகின்றன. அதற்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. தம்மிடத்திலே விலையுயர்ந்தது எதுவோ அதனைக் கொடுத்தார்கள். அதே பாப்பரசருக்கு அனுப்பப்பட்ட காண்டாமிருகமோ இத்தாலியக் கரையைக்கூட மிதிக்கவில்லை. கப்பல் மூழ்கியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த அந்த விலங்கு நீந்த வழியின்றி அமிழ்ந்துபோயிற்று.

அடுத்த யானையின் கதை நம் நாட்டோடு நேரே தொடர்புடையது. 1540 களின் தொடக்கத்திலே கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் பொற்சிலையொன்றைத் தூதுவர் வழியாக லிஸ்பனுக்கு அனுப்பி, அந்நிய மன்னனைக்கொண்டு அதற்கு முடிசூட்டுவித்தான். சொந்த மண்ணிலே தன் வாரிசின் உரிமையை நிலைநிறுத்த வலியற்றுப்போன அரசன் செய்த செயல் அது. கோட்டை அரசுக்கும் லிஸ்பன் அரண்மனைக்கும் இவ்வாறு உறவு இறுகிய காலத்திலேயே இலங்கை யானைகளும் அங்கு போய்ச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்றே பின்னர் வியன்னாவிலே பேர்பெற்ற யானை என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

1551 ஆம் ஆண்டு, ஒஸ்திரிய இளவரசன் மக்சிமிலியன் தன் மனைவி மக்களுடன் ஸ்பெயினிலிருந்து தாயகம் திரும்பும்போது, போர்த்துக்கல் அரச தம்பதியர் இந்த யானையை அவனுக்கு அன்பளிப்பாக வழங்கினர். இளவரசன் அதற்குச் சுலைமான் எனப் பெயரிட்டான். 1529 இல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கிச் சுல்தானின் பெயர் சுலைமான் என்பதையும், அச்சுல்தான் அப்போதும் ஆட்சியில் இருந்தான் என்பதையும் நினைவிற்கொண்டால் இப்பெயரின் உட்பொருள் விளங்கும். போர்க்களத்திலே பணிய வைக்க முடியாத பகைவனின் பெயரைச் சங்கிலியிற் கட்டிய விலங்குக்குச் சூட்டி மனநிறைவு கொள்வது எளிய வெற்றிதான்.

கடல்வழியாக ஜெனோவாவை அடைந்து, மிலான் வழியாகச் சென்று, டிசம்பரில் திரெந்து நகரை யானை எட்டியது. அங்கே அப்போது திருச்சபையின் பேரவை கூடியிருந்தது. பின்னர் நடுக்குளிர் காலத்திலே அல்ப்ஸ் மலைக் கணவாயை அது நடந்தே கடந்தது. வன்னிக் காட்டின் வெயிலுக்கும் மகாவலியின் சேற்றுக்கும் உரிய உடல் பனியிலே நடந்தது. வழியில் பிரிக்சன் என்னும் ஊரில் அது இரு வாரங்கள் தங்கிய விடுதி இன்றும் யானையின் பெயரையே தாங்கி நிற்கிறது. இன்ஸ்ப்ரூக்கிலிருந்து ஆற்றுவழியாக 1552 இல் வியன்னாவை அடைந்தபோது நகரமே திரண்டு வரவேற்றது. போர்த்துக்கேய எழுத்தாளர் சரமாகோ இப்பயணத்தை வைத்து 2008 இல் நாவலொன்று எழுதி, யானையோடு நடந்த பாகனையும் மனிதனாக்கி உலவவிட்டார். வரலாற்றேடுகள் இளவரசனின் பரிவாரத்தை விரிவாகப் பேசும். பாகனைப்பற்றி அவை அதிகம் சொல்வதில்லை.

1553 டிசம்பரில் சுலைமான் இறந்தது. வியன்னாவில் அது வாழ்ந்தது இரண்டாண்டுகளுக்கும் குறைவே. ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்னும் நம் பழமொழி அதன்பின் நடந்தவற்றுக்கு அப்படியே பொருந்தும். அதன் எலும்புகள் சிலவற்றைக்கொண்டு வியன்னா நகரபிதாவுக்கு நாற்காலியொன்று செய்யப்பட்டது. முன்னங்கால் எலும்புகளே நாற்காலிக்குக் கால்களாயின. ஒஸ்திரியாவின் கிரெம்ஸ்மியூன்ஸ்டர் மடத்திலே அதனை இன்றும் காணலாம். பாடம் செய்யப்பட்ட தோல் பவேரியாவுக்குச் சென்று, நூற்றாண்டுக் கணக்கில் காட்சிப்பொருளாக நின்று, இரண்டாம் உலகப்போரின்போது ஈரம் பிடித்துப் பாழாயிற்று. உயிரோடு இருந்த காலத்தைவிடப் பொருளாக இருந்த காலமே அந்த யானைக்கு நீண்டதாயிற்று.

இவற்றை ஐரோப்பியரின் ஆணவம் என்று மட்டும் சொல்லித் தப்பிவிட முடியாது. விற்பதற்கு நாம் இருந்தோம். யாழ்ப்பாண மன்னரும் கோட்டை மன்னரும் யானையைத் திறையாகக் கொடுத்தனர். ஒல்லாந்தர் காலத்திலே வன்னியர்கள் ஆண்டுதோறும் யானைகளைத் திறை செலுத்த வேண்டியிருந்தது. காட்டிலே பிடிபட்ட யானைகள், அவை நீரில் இறங்கிக் கடந்த இடம் என்ற பொருளைப் பெயரிலேயே தாங்கியிருக்கும் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்கு வந்து, இந்திய வணிகர்களுக்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையிலே கப்பலேறின. வாங்கிய இந்திய அரசர்களுள் போருக்கு வாங்கியோரும் உளர். பவனிக்கு வாங்கியோரும் உளர். யானையைப் பிடித்த ஏழைக் குடியானவனோ, உயிரைப் பணயம் வைத்து உழைத்த பணிக்கனோ தன் வீட்டிலே யானை கட்டியதில்லை. ‘யானையைக் கட்டித் தீனி போட முடியுமா’ என்ற கேள்வி அவர்களுடைய அடுக்களையிலே பிறந்ததாதல் வேண்டும். வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவைத் தின்னும். பகலிரவாக அலைந்து தின்னும். இந்த எளிய கணக்கைப் பெருமைக்கு வாங்குபவன் போட்டுப் பார்ப்பதில்லை.

ஏறாவூர்க் காட்டிலே பிடிபட்டு, பின்னர் கண்டித் தலதா மாளிகையின் பேழையை நெடுங்காலம் சுமந்த ராஜா என்ற கொம்பன் யானை 1988 இல் இறந்தபோது நாடே துக்கம் கொண்டாடியது. அதன் உடலும் பாடம் செய்யப்பட்டு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது. ராஜாமீது மக்கள் கொண்ட பக்தியை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் அந்தப் பக்தியின் நிழலிலே வேறொன்று முளைத்தது. யானையை உடையவன் பெரியவன், அவன் வாசலிலே பெரஹரா நிற்கும், அமைச்சர் வருவார் என்ற எண்ணம் புதுப்பணக்காரரைப் பற்றிக்கொண்டது. பிரபுக்களின் அடையாளத்தைப் பிரபுத்துவம் மறைந்தபின் காசுக்கு வாங்கும் ஆசை அது.

இதன் விளைவாக, இந்நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிலே காட்டிலிருந்து யானைக் குட்டிகள் களவாகப் பிடிக்கப்பட்டன. பால்குடி மறவாத குட்டியைப் பிரிக்கும்போது தாய் கொல்லப்பட்டதும் உண்டென இயற்கை ஆர்வலர் முறையிட்டனர். யானைக் குட்டி ஈராண்டுக்கு மேல் தாய்ப்பால் குடிப்பது. தாயும் சிறிய தாய்மாரும் பாட்டியும் சூழ வளர்வது. அதனைத் தனியே ஒரு மரத்தடியில் கட்டிவைத்துவிட்டு அதற்குச் செல்லப்பெயர் சூட்டினார்கள். கள்ளக் குட்டிகளுக்குக் கள்ளப் பத்திரங்கள் எழுதப்பட்டன. வனஜீவராசிகள் திணைக்களத்திலே யானைகளைப் பதியும் ஏடு காணாமற்போன செய்தியும் அக்காலத்தில் வெளியாயிற்று. 2015 இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் பல யானைகள் அரசினாற் கைப்பற்றப்பட்டன.

ஆனால் 2021 இல் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்ததைத் தொடர்ந்து, கைப்பற்றப்பட்டவற்றுட் சில, நீதிமன்றக் கட்டளைப்படி, வைத்திருந்தவர்களிடமே திரும்பிச் சென்றன. அந்த விதிகளைப் படிப்போர் வியப்புறுவர். யானையை நாள்தோறும் இரண்டரை மணி நேரம் குளிப்பாட்ட வேண்டும். வேலை நேரத்திலே பாகன் மது அருந்தலாகாது. குளிப்பும் பாகனின் ஒழுக்கமும் சட்டத்துக்குத் தெரிகின்றன. யானை அங்கே ஏன் நிற்கிறது என்ற கேள்வி அதற்கு முன் கேட்கப்பட வேண்டியது. யானைக் கடத்தலிலே பேர்போன ஒருவருக்கு 2023 இல் மேல் நீதிமன்றம் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவரிடமிருந்து வாங்கிப் பெருமை பேசியோர் எத்தனை பேர் கூண்டிலேறினர் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அதே 2023 இல் இன்னொரு நிகழ்ச்சி நேர்ந்தது. 2001 ஆம் ஆண்டு தாய்லாந்து அரசு நம் நாட்டுக்கு மூன்று யானைகளை அன்பளிப்புச் செய்திருந்தது. அவற்றுளொன்று தென்னிலங்கை விகாரையொன்றிலே முத்துராஜா என்ற பெயருடன் வளர்ந்தது. மக்சிமிலியனின் யானையைப் போலவே இதுவும் இரு நாடுகளின் நட்புக்குச் சின்னம். ஆண்டுகள் கடந்தபின், முதுகிலே சீழ்ப்புண்களும் மடக்க இயலாத இடது முன்னங்காலுமாக அது நின்ற கோலத்தைக் கண்டு விலங்குநல ஆர்வலர் குரலெழுப்பினர். தாய்லாந்து தன் பரிசைத் திருப்பிக் கேட்டது. பிரதம மந்திரி தாய்லாந்து மன்னரிடம் வருத்தம் தெரிவித்ததாகப் பாராளுமன்றத்திலே கூறினார்.

2022 நவம்பரில் அந்த யானை தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுவரப்பட்டது. பயணத்துக்கெனச் செய்யப்பட்ட இரும்புக் கூண்டுக்குள் நுழைந்து நிற்க அதற்குப் பல வாரங்கள் பயிற்சி அளிக்கப்பட்டது. 2023 ஜூலை 2 ஆம் திகதி, கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்ட பெரிய சரக்கு விமானமொன்றிலே அது சியாங் மாய் நகருக்குச் சென்றது. தாய்லாந்துப் பாகர் நால்வரும் இலங்கைப் பராமரிப்பாளர் ஒருவரும் உடன் சென்றனர். அங்கிருந்து லம்பாங்கிலுள்ள யானை வைத்தியசாலைக்கு அதனை எடுத்துச் சென்று காலுக்குச் சிகிச்சை தொடங்கினார்கள். அங்கே அதனைப் பழைய பெயரான சக் சுரின் என்றே எழுதிக்கொண்டார்கள்.