டிபன்: பொழுதின் பெயர் பண்டத்தின் பெயரான வரலாறு

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954இல் நீங்கிய பின்னும் ‘கொம்யூன்’ பஞ்சாயத்து, நகராட்சிக் கட்டடத்தைச் சுட்டும் ‘மேரி’ போன்ற நிர்வாகச் சொற்கள் அங்கே நிலைத்திருக்க, காலையிலும் மாலையிலும் உண்ணும் இட்லிக்கும் தோசைக்கும் அந்நகர உணவகங்கள் எழுதி வைக்கும் பெயர், அண்டையிலிருந்த சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் வழங்கிய ‘டிபன்’ என்பதேயாகும்.

இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர்கள், 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியின் ஆசிரியர்களான ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து சரஸ்வதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு வகைப்படுத்திய அட்டவணை தொகுத்த ஆர்தர் பர்னெலும் ஆவர். இச்சொல்லுக்கு அரபு, சீன மூலங்கள் காட்டப்பட்டதுண்டு. ஆயினும் உணவு வேளைக்குப் புறம்பாக உண்பதையும் குடிப்பதையும் குறித்த ‘டிஃபிங்’ என்னும் ஆங்கிலக் கொச்சைச் சொல், பிரான்சிஸ் குரோஸின் 1785ஆம் ஆண்டு அகராதியிலேயே பதிவாகியிருப்பதால், ஆங்கில மூலமே வலுவானது.

இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் பெருவிருந்தான ‘டின்னரை’ப் பிற்பகலிலிருந்து மாலைக்குத் தள்ளியபோது, நடுப்பகலில் தோன்றிய இடைவெளியை நிரப்பிய சிறிய உணவே அவர்களுக்கு டிபன். பிரெஞ்சிலும் காலை உணவாக இருந்த ‘தெழெனே’ நண்பகலுக்கு நகர்ந்தபோது, காலைக்குச் ‘சிறிய’ என்னும் அடைமொழியுடன் ‘பெத்தி தெழெனே’ என்ற தனிப்பெயர் தேவைப்பட்டது.

தமிழில் நிகழ்ந்த மாற்றம் இவற்றினும் ஆழமானது. டிபன் இங்கே பொழுதைக் குறிப்பதை விட்டு உணவின் வகையைக் குறிக்கலாயிற்று. அதற்கான இடத்தைத் தமிழர் சமையல் முன்னரே வகுத்து வைத்திருந்தது என்பதே உரிய விளக்கமாகத் தோன்றுகிறது. பழ உணவு என்னும் பொருளுடைய வடமொழி ‘பலாகார’த்தினின்று வந்த ‘பலகாரம்’, அமாவாசை போன்ற ஒருபொழுது நாள்களில் இரவுச் சோற்றை விலக்கி உண்ணும் இட்லி, தோசை, உப்புமா முதலியவற்றையும் குறித்தது. இங்கே எல்லைக்கோடு தானியத்தால் அமைந்ததன்று. வடித்தால் சோறாகும் அரிசியே, உளுந்தோடு அரைத்துப் புளிக்க வைத்து ஆவியில் வேகவைத்தால் பலகாரமாகிவிடும். இந்த நுட்பமான பகுப்பின் மேல்தான் டிபன் வந்து அமர்ந்தது. எனினும் அது பலகாரத்தின் மறுபெயராக மட்டும் நின்றுவிடவில்லை. பருப்போடு குழைய வெந்த அரிசியேயான வெண்பொங்கலையும் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது. ‘சிற்றுண்டி’ என்னும் நல்ல தமிழ்ச் சொல் பெயர்ப்பலகைகளிலும் எழுத்திலும் வழங்கினும், பேச்சில் டிபனை வெல்லவில்லை.

ஆங்கிலேயர் எந்த நண்பகலுக்காக இச்சொல்லை ஆண்டார்களோ, அந்த நண்பகலே தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ‘சாப்பாடு’ அல்லது ‘மீல்ஸ்’ என்பதற்கு உரியதாயிற்று. பழைய பொருள் முற்றும் அழியாமல் எஞ்சியிருப்பது ‘டிபன் கேரியர்’ என்னும் கூட்டுச்சொல்லில்தான். அந்த அடுக்குப் பாத்திரத்தில் அலுவலகத்துக்குச் செல்வது பெரும்பாலும் பகல் உணவான சோறும் குழம்பும் பொரியலுமே.