கள்ளுக்குத் தடை, பீருக்குக் கடை

தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. பீருக்கோ டாஸ்மாக் இருக்கிறது. 2003-இல் மதுவின் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பாளைச்சாறு சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகிறது. போதை ஏறக்குறைய பீர் அளவுதான். ஆலை வேண்டாம், மறுநாளே காடியாகும். லாரியில் ஏற்றி வரி வசூலிக்க பீர்தானே வசதி!

1921-இல் பெரியார் கள்ளுக்கு எதிராகத் தம் தோப்பின் தென்னைகளை வெட்டினார். ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள். இன்று அதே கொங்கு மண்ணில் தோப்புக்காரர்கள் கள் இறக்கும் உரிமை கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் தடை நீங்கினால் மரமேறிக்கு என்ன கூலி? தோப்பில் மட்டை பொறுக்கும் அருந்ததியப் பெண்ணுக்கு அந்தப் பணத்தில் எவ்வளவு?