விமானப் பயணத்தில் கழுவாத பிலிம் சுருள்கள்: எக்ஸ்ரே சோதனையிலிருந்து காப்பது எப்படி?

பாலக்காடு: மூணாறின் மலைச்சரிவுகளையும் பரம்பிக்குளத்தின் காடுகளையும் பிலிம் கேமராவில் படமெடுத்துத் திரும்பும் பயணிகள், விமான நிலையச் சோதனையில் தங்கள் படங்களை இழக்கும் அபாயம் அதிகரித்துள்ளது. கைப்பைகளைச் சோதிக்கும் இடங்களிலும் உலகெங்கும் சிடி வகை ஸ்கேனர்கள் நிறுவப்பட்டு வருவதே இதற்குக் காரணம். டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டை எந்த எக்ஸ்ரே கருவியும் பாதிப்பதில்லை. ஆனால் இன்னும் கழுவப்படாத பிலிம் சுருளின் நிலை வேறு. அதில் பதிந்துள்ள காட்சிக்கு வேறு பிரதியே கிடையாது.

இழப்பின் அளவைப் புரிந்துகொள்ள நீலக்குறிஞ்சி ஒன்றே போதும். இடுக்கி மாவட்டத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவிலும், வட்டவடை, கொட்டக்கொம்பூர் பகுதிகளில் உள்ள குறிஞ்சிமலை சரணாலயத்திலும் இப்பூ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருமளவில் பூக்கிறது. 2006-க்குப் பிறகு 2018-ல் பூத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தால் பலரும் மலைக்குச் செல்லவே இயலவில்லை. அடுத்த பூப்பு 2030-ல் எதிர்பார்க்கப்படுகிறது. அப்போது எடுக்கப்படும் சுருள் ஒன்று பெட்டியோடு தவறான கருவிக்குள் சென்றால், அதே காட்சியை மீண்டும் எடுக்க 2042 வரை காத்திருக்க வேண்டும்.

பிலிமுக்குள் நிகழ்வது என்ன?

பிலிமின் மேற்பூச்சில் வெள்ளி ஹாலைடு என்னும் நுண்படிகங்கள் உள்ளன. ஒளி படும் படிகங்களில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நிகழ்கிறது. கழுவும்போது அந்த மாற்றமே படமாக வெளிப்படுகிறது. எக்ஸ்ரே கதிரும் இதே மாற்றத்தைச் செய்யக்கூடியது. 1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்தபோது, தம் மனைவியின் கை எலும்புகளைப் பதிவுசெய்ததும் ஒரு புகைப்படத் தகட்டில்தான். மருத்துவமனையில் எலும்பைக் காட்டிய அதே வேதியியல்தான் விமான நிலையத்தில் பயணியின் படத்தைக் கெடுக்கிறது.

பாலக்காட்டுக்கு வடக்கே உள்ள நீலகிரி இவ்விரண்டு பயன்பாடுகளையும் நேரில் கண்ட மாவட்டம். உதகையில் 1960-ல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் புகைப்படச் சுருள்களையும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிம்களையும் தயாரித்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று இந்தியாவில் பிலிமில் படமெடுப்போர் பெரும்பாலும் இறக்குமதிச் சுருள்களையே நம்பியுள்ளனர். அவற்றின் விலை அன்றைய ‘இந்து’ சுருளோடு ஒப்பிடக்கூடியதன்று. எனவே ஒரு சுருள் வீணானால் நினைவோடு பணமும் போகிறது.

எக்ஸ்ரே பட்ட பிலிமைக் கழுவியதும் அதன் மீது மெல்லிய மூடுபனி படர்ந்தது போன்ற தோற்றம் தெரியும். நிழலாக இருக்க வேண்டிய பகுதிகள் வெளிறும், மணித்தன்மை கூடும், வண்ணப் பிலிமில் நிறம் திரியும். வலுவான கதிர்க்கற்றை ஒரே இடத்தில் பாய்ந்திருந்தால் பட்டைகள் விழும். சுருண்ட நிலையில் இருந்த பிலிமில் அப்பட்டை அலையலையாக, அடுத்தடுத்த படங்களிலும் தொடர்ந்து காணப்படும். மூணாறில் மூடுபனி இயல்பானது என்பதால், சேதத்தைப் படத்தின் அழகு என்று எண்ணிக்கொள்வோரும் இருக்கலாம். கட்டடத்தின் உட்புறத்தில் எடுத்த படத்திலும் அதே பனி தெரிந்தால் காரணம் வேறு என்பது விளங்கிவிடும்.

மூன்று வகைச் சோதனை, மூன்று வகை ஆபத்து

செக்-இன் செய்யப்படும் பெட்டிகளைச் சோதிக்கும் கருவிகளே மிகவும் ஆபத்தானவை. வெடிபொருளைக் கண்டறிய அவை வலுவான கதிரைப் பாய்ச்சுகின்றன. குறைந்த வேகப் பிலிமும் ஒரே முறையில் கெட்டுவிடக்கூடும். எனவே கழுவாத பிலிமைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. ஏனைய அறிவுரைகளில் சூழலுக்கேற்ப விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது.

கைப்பைகளைச் சோதிக்கும் பழைய வகை எக்ஸ்ரே கருவிகள் குறைந்த அளவு கதிரையே பயன்படுத்துகின்றன. பிலிமின் ஒளியுணர்வு வேகத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 800-க்குக் கீழ் இருந்தால், இத்தகைய கருவியில் ஓரிரு முறை சென்று வருவதால் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியும் பாதிப்பு ஏற்படுவதில்லை. ஆயினும் பாதிப்பு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே செல்லும். முதல் சோதனையின் தடம் அழிந்துவிடுவதில்லை, இரண்டாவது அதன்மேல் சேர்கிறது. வளைகுடா நாடுகள் வழியாக இணைப்பு விமானத்தில் செல்வோருக்கு இடையில் இறங்கும் நிலையத்திலும் மீண்டும் சோதனை நடக்கும். டெல்லியில் தங்குவோர் மெட்ரோ ரயிலில் ஏறும் ஒவ்வொரு முறையும் பையை எக்ஸ்ரே கருவிக்குள் அனுப்ப வேண்டியிருக்கும். இந்தக் கணக்கைப் பலர் சேர்ப்பதில்லை.

மூன்றாவதுதான் புதிய சிக்கல். மருத்துவமனை சிடி ஸ்கேன் போலவே, கைப்பையைச் சுற்றி எக்ஸ்ரே மூலம் சுழன்று பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாண உருவை அளிக்கும் கருவி இது. பாதுகாப்பு நோக்கில் இது பெரும் முன்னேற்றம். ஆனால் பிலிம் பெறும் கதிரின் அளவு பழைய கருவியைவிட மிக அதிகம். கோடாக் நிறுவனமும், இல்போர்டு பிலிம்களைத் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனமும் சிடி ஸ்கேனருக்குள் பிலிமை அனுப்ப வேண்டாம் என்றே எச்சரிக்கின்றன. ‘பிலிமுக்குப் பாதுகாப்பானது’ என்று பழைய கருவிகளில் ஒட்டப்பட்டிருந்த வாசகத்தை நம்பிப் பழகியவர்கள், புதிய கருவிக்கு அது பொருந்தாது என்பதை உணர வேண்டும்.

பயணியின் கண்ணுக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. பையிலிருந்து மடிக்கணினியை வெளியே எடுக்கத் தேவையில்லை என்று அலுவலர் கூறினால், அங்கிருப்பது பெரும்பாலும் சிடி கருவியே.

எல்லைப் பகுதியினருக்கு மூன்று விமான நிலையங்கள்

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களிலும் பயணிகள் விமான நிலையம் இல்லை. பாலக்காட்டினருக்கு வாளையாறு வழியாகச் சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள கோயம்புத்தூர் அருகில் அமைகிறது. மூணாறிலிருந்து நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையம் சுமார் 110 கி.மீ. தொலைவில் உள்ளது. குமுளி, தேக்கடிப் பகுதியினருக்கு மதுரை சுமார் 140 கி.மீ. மூன்றிலும் பாதுகாப்புச் சோதனையை மேற்கொள்வது மத்திய தொழில் பாதுகாப்புப் படை.

பிசிஏஎஸ் எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான பயணிகளைக் கையாளும் நிலையங்களில் 2023 இறுதிக்குள் சிடி வகைக் கருவிகளை நிறுவ அறிவுறுத்தியது. அந்தக் காலக்கெடு பின்னர் தள்ளிப்போனது. கொச்சி நிலையம் 2023-24 நிதியாண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பயணிகளைக் கண்டது. கோயம்புத்தூரும் மதுரையும் 50 லட்சம் என்ற வரம்புக்குக் கீழே உள்ளவை. கருவிகள் படிப்படியாக மாற்றப்படுவதால், சென்ற முறை பழைய கருவி இருந்த வரிசையில் இம்முறை புதியது இருக்கக்கூடும். பயண நாளில் வரிசையில் நிற்கும்போதே அலுவலரிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

கையால் சோதிக்கக் கோருவது

அமெரிக்காவில், பிலிமை எக்ஸ்ரேவுக்கு அனுப்பாமல் கையால் சோதிக்குமாறு கோரும் உரிமை விமானப் பாதுகாப்பு விதிகளிலேயே பயணிக்கு அளிக்கப்பட்டுள்ளது. பிரிட்டனில் அலுவலர் மறுக்கவும் கூடும். இந்தியாவிலும் பணியில் உள்ள அலுவலரின் முடிவைப் பொறுத்தே இது அமைகிறது. ஆகவே உரிமை என வாதிடுவதைவிட, அலுவலரின் வேலையை எளிதாக்குவதே பலன் தரும்.

சுருள்களை அட்டைப் பெட்டி, உலோக டப்பா ஆகியவற்றிலிருந்து எடுத்து, உள்ளிருப்பது தெரியும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும். ஐஎஸ்ஓ எண் வெளியே தெரிய வேண்டும். 3200 வேகம் கொண்ட சுருள் ஒன்று அவற்றில் இருந்தால் கோரிக்கைக்கு வலு கூடும். வரிசையின் நெரிசலில் பேச்சுக்கு நேரம் இராது என்பதால், விமானம் புறப்படுவதற்கு வழக்கத்தைவிட முன்னதாகவே சென்றுவிடுவது நல்லது. அலுவலர் மறுத்தால் அவரது முடிவே இறுதியானது. அப்போதும், அருகில் பழைய கருவி உள்ள வரிசை இருந்தால் அதில் அனுப்புமாறு பணிவுடன் கேட்கலாம். நடைவாயில் உலோகக் காட்டியும், கையில் பிடித்துத் தடவும் கருவியும் பிலிமைப் பாதிப்பதில்லை.

கேமராவுக்குள் பாதி எடுத்த சுருளை வைத்துக்கொண்டு சோதனைக்குச் செல்வது இரட்டை ஆபத்து. சோதிக்கும் அலுவலர் பின்மூடியைத் திறந்துவிட்டால், எக்ஸ்ரேவே தேவையில்லை, வெளிச்சம் போதும். சுருளை முடித்தோ, திருப்பிச் சுற்றியோ வெளியே எடுத்துவிட வேண்டும்.

திருமண வீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் இப்போது பரவலாகியுள்ள இன்ஸ்டாக்ஸ் கேமராவின் உறைகளும் பிலிமே என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அவற்றின் வேகம் ஐஎஸ்ஓ 800. போலராய்டு உறைகள் 640. படம் வெளிவந்து முழுமையாகத் தெளிந்த அட்டைகளுக்கு ஆபத்தில்லை. உறைக்குள் மீதமிருக்கும் அட்டைகளுக்கே ஆபத்து.

ஈயப் பூச்சுப் பைகள் குறித்து ஒரு சொல். எக்ஸ்ரே ஊடுருவாத அந்தப் பை, திரையில் கரிய பொட்டலமாகத் தெரியும். அலுவலர் அதை எடுத்துப் பார்ப்பார், அல்லது மீண்டும் கருவிக்குள் அனுப்புவார். கையால் சோதிக்கச் செய்யும் சுற்றுவழியாக அது சில நேரம் உதவலாம். செக்-இன் பெட்டியில் அதை நம்புவது வீண்.

விமானத்தையே தவிர்க்க இயலுமா?

பாலக்காடு சந்திப்பிலிருந்து பொள்ளாச்சி, பழனி வழியாகச் சென்னைக்கு விரைவு ரயில் உள்ளது. இடுக்கி மலைப்பகுதியினருக்கு, போடிநாயக்கனூரிலிருந்து மதுரை, சேலம் வழியாகச் சென்னை சென்ட்ரல் செல்லும் ரயில் 2023 ஜூன் முதல் கிடைத்துள்ளது. பெரிய ரயில் நிலையங்கள் சிலவற்றின் வாயிலிலும் பைகளை எக்ஸ்ரேயில் சோதிக்கின்றனர். அங்கும் சுருள்களைக் கையில் எடுத்துக்காட்டுவதே நல்லது. கூரியரில் அனுப்ப நினைப்போர், பொட்டலம் விமானச் சரக்காகச் சென்றால் அதுவும் எக்ஸ்ரே சோதனைக்கு உட்படும் என்பதை மறக்கலாகாது. தரைவழி சேவையை வெளிப்படையாகக் கேட்டுப் பெற வேண்டும்.

ரயில், கார் பயணத்தில் எதிரி வெப்பம். ஏப்ரல் மாதத்துப் பாலக்காட்டில் வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் சுருளை விட்டுச் செல்வதும் அதைக் கெடுக்கும். மூணாறின் குளிரிலிருந்து சமவெளியின் ஈரக்காற்றுக்கு இறங்கும்போது, சுருளின் மீது நீர்த்துளி படியாதிருக்க, மூடிய பையிலேயே சில மணி நேரம் வைத்துப் பிறகு திறக்க வேண்டும்.

உறுதியான வழி, விமானம் ஏறும் முன்பே கழுவிவிடுவது. கழுவிய நெகட்டிவை எந்தச் சோதனைக் கருவியும் தீண்டாது. கருப்பு வெள்ளைச் சுருளை, ஒளிபுகாப் பையும் கழுவும் தொட்டியும் இருந்தால் விடுதி அறையிலேயே கழுவ முடியும். வண்ணச் சுருளைக் கழுவும் நிலையங்கள் இன்று பெருநகரங்களிலேயே பெரும்பாலும் எஞ்சியுள்ளன என்பதால், பயணத் திட்டத்திலேயே அதற்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டியிருக்கும்.

சுருள்கள் சிடி கருவிக்குள் சென்றுவிட்டன என்று தெரியவந்தால், இன்னும் படமெடுக்காத நெகட்டிவ் சுருள்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வழக்கத்தைவிட ஒரு படி கூடுதலாக ஒளி கொடுத்துப் பகல் வெளிச்சத்தில் பயன்படுத்தலாம். படமெடுத்து முடித்தவற்றைக் காலம் தாழ்த்தாமல் கழுவக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, எத்தனை முறை, எவ்வகைக் கருவிக்குள் சென்றன என்பதை நிலையத்தாரிடம் கூறி, அவ்வளவு முக்கியமல்லாத ஒரு சுருளை முதலில் கழுவிப் பார்க்கச் சொல்லலாம்.