முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய்: அறுவை சிகிச்சை யாருக்கு, எப்போது?

மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு போன்ற இடங்களில் தோன்றும் புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போது அதிகமாகப் போய்ச் சேரும் இடம் முதுகெலும்பு. சிகிச்சை முடிந்து சில வருடங்கள் நன்றாக இருந்தவருக்கும் இது வரலாம்.

முதுகுவலி என்றால் நத்தம் பக்கத்தில் நாம் முதலில் செய்வது தைலம் தேய்ப்பதும், வாயுப் பிடிப்பு என்று உருவி விடுவதும்தான். தோட்ட வேலை பார்ப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆனால் ஒருமுறை புற்றுநோய் வந்தவருக்கு அப்படிச் செய்யவே கூடாது. அரித்துப்போன எலும்பை அழுத்தினால் நொறுங்கிவிடலாம்.

சாதாரண வலி படுத்தால் குறையும். இந்த வலி படுத்தாலும் விடாது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும், நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல் இறுக்கும். நின்று தொழுதவர் நாற்காலிக்கு மாறினால் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். சுஜூதிலிருந்து எழும்போது கால் தளர்கிறதா என்று கேட்பதில்லை. கால் மரத்துப்போவது, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, சிறுநீர் போகாமல் அடைப்பது எல்லாம் தண்டுவடம் நசுங்குவதற்கான அடையாளங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்பு கணிசமாக அரித்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும் என்பதால், முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை உடனே தொடங்குவது வழக்கம். அறுவை சிகிச்சையில், தண்டுவடத்தை அழுத்தும் கட்டியையும் எலும்பையும் அகற்றி, மேலும் கீழும் உள்ள நல்ல எலும்புகளில் டைட்டானியம் திருகும் கம்பியும் பொருத்துகிறார்கள். இதனால் புற்றுநோய் குணமாகாது. நோயாளி நடமாட வேண்டும், வலி குறைய வேண்டும், அதற்காகத்தான் இந்த அறுவை. காயம் ஆறியதும், நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை தொடரும்.

அறுவை இல்லாமல் கதிர்வீச்சு மட்டும் போதாதா? அமெரிக்காவில் ராய் பாட்செல் என்ற மருத்துவரின் குழு 101 நோயாளிகளிடம் இதை ஒப்பிட்டுப் பார்த்து, 2005இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது. அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். நடக்கும் திறன் நீடித்த இடைநிலைக் காலம் 122 நாள், மற்றவர்களுக்கு 13 நாள். 122 நாள் பெரிய கணக்கா என்று தோன்றலாம். யார் துணையும் இல்லாமல் ஒளு செய்யப் போய்வரும் நான்கு மாதம் அது. ஏற்கெனவே நடக்க முடியாமல் வந்தவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் 16 பேர். அறுவை பெற்றவர்களில் 10 பேரும் மற்றவர்களில் 3 பேரும் மீண்டும் நடந்தார்கள். கால்கள் முழுதாகச் செயலிழந்து 48 மணி நேரம் தாண்டியவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. நாள் கடத்துவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இதிலிருந்தே விளங்கும்.

எல்லோருக்கும் அறுவை பொருந்தாது. லிம்போமா, மைலோமா போன்றவை கதிர்வீச்சிலும் மருந்திலுமே நன்றாகக் கரையும். உடல் மிகவும் தளர்ந்தவருக்கும், சில வாரங்களே மிச்சம் என்று மருத்துவர் கருதுபவருக்கும் கத்தி வைப்பது வேதனையைக் கூட்டும். தண்டுவடம் நசுங்காமல் எலும்பு மட்டும் நொறுங்கி வலிக்கிறது என்றால், சிலருக்கு ஊசி வழியாக எலும்பு சிமெண்ட் செலுத்தினாலே வலி தணியும்.

நத்தத்திலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணம்தான். நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்; குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காப்பீட்டு அட்டையோடு பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டையும் சிகிச்சைக் கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள். கால் தளர்ந்தவரை பைக்கிலோ பஸ்ஸிலோ உட்கார வைத்துக் கூட்டிப் போகாமல், 108 ஆம்புலன்ஸில் நேராகப் படுக்க வைத்தே கொண்டு போங்கள்.