மணலில் எழுதிய விரல்கள்: மூல ஆவணமும் தொடக்கப் பள்ளியும்

தொடக்கப் பள்ளிக்குள் வரலாறு பெரும்பாலும் விடையாகவே நுழைகின்றது. அரசன் பெயர், ஆண்ட ஆண்டு, வென்ற போர், கட்டிய கோயில் என வரிசையாக வந்து மனப்பாடமாகி, தேர்வுத் தாளில் இறங்கி, மறந்தும் போகின்றது. அவ்விடை எங்கிருந்து கிடைத்தது, அதனை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பன குழந்தைக்குச் சொல்லப்படுவதில்லை. கல்வெட்டும் ஓலையும் அரசு ஆவணமும் ஆய்வாளர்க்கே உரியவை, பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டாதவை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் சரிதானா என்பதைச் சோதிக்க, தொடக்கக் கல்வியைப் பற்றியே இம்மண்ணில் எழுந்த ஓர் ஆவணத் தொகுதியைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கெடுத்த காலம்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் ஒரு குறிப்பு எழுதினார். நாட்டுமக்களின் கல்வி நிலையைப் பற்றி அரசிடம் முறையான கணக்கு எதுவும் இல்லை என்றும், மாவட்ட ஆட்சியர்கள் அதனைத் திரட்டி அனுப்ப வேண்டும் என்றும் அதன்வழி ஏற்பாடாயிற்று. வருவாய் வாரியத்தின் வாயிலாக ஓர் அட்டவணை மாவட்டந்தோறும் சென்றது. விடைகள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் மன்றோ அவற்றைத் தொகுத்து மற்றொரு குறிப்பு எழுதினார். மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941; பள்ளிகளும் கல்லூரிகள் எனப்பட்டவையும் 12,498; அவற்றில் பயின்றோர் 1,88,650 என்பது அவர் கண்ட கணக்கு.

இவ்வெண்களை ஐந்தாம் வகுப்பு மாணவரிடம் கொடுத்தால் என்ன நிகழும்? முதலில் அவர் வகுத்துப் பார்ப்பார். பயின்றோர் தொகையைப் பள்ளிகளின் தொகையால் வகுத்தால் பள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 15 பேர் என்று வரும். அந்தப் பதினைந்து என்னும் எண்ணே ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்திவிடும். மணி அடிக்கும் பெரிய கட்டடம் மறைந்து, ஒரு திண்ணையும் ஓர் ஆசிரியரும் அவரைச் சூழ்ந்த பதினைந்து பிள்ளைகளும் தோன்றுவர். பாடநூலில் ‘திண்ணைப் பள்ளி’ என்ற ஒரு சொல்லாக நின்றது, பிள்ளை தானே கண்டடைந்த உண்மையாக மாறுகின்றது. கணக்குப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒன்றாகும் இடம் இது.

அடுத்து அட்டவணையின் கட்டங்களை நோக்க வேண்டும். பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியினர், முகமதியர் என்று பிரித்து, ஆண் பெண் என்றும் பகுத்து எண்ணியிருந்தனர். தமிழ் மாவட்டங்களில் பயின்றோருள் சூத்திரர், பிற சாதியினர் என்னும் இரு கட்டங்களிலும் இடம்பெற்றோரே நூற்றுக்கு எழுபதிற்குக் குறையாமல் இருந்தனர். தென்னார்க்காட்டில் அது எண்பத்துநான்கையும் கடந்தது. கல்வி ஒரு சிலரின் கைக்குள் மட்டுமே இருந்தது என்னும் பொதுக்கூற்றை இவ்வட்டவணை அசைத்துப் பார்க்கின்றது. 1931ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் காந்தியடிகள் பழைய கல்விமரம் அழிந்ததைப் பற்றிப் பேசியதும், பிலிப் ஹார்டாக் அதனை மறுத்ததும், 1983ஆம் ஆண்டு தரம்பால் இவ்வாவணங்களைத் திரட்டி நூலாக வெளியிட்டதும் அறிஞர் உலகம் அறிந்தவை.

எனினும் அறிஞர்கள் வழக்காடிய இடத்தில் ஒரு சிறுமி வேறொன்றைக் காணக்கூடும். பெண்களுக்குரிய கட்டத்தில் பல மாவட்டங்களில் எண்கள் மிகச் சிறியவை. சில இடங்களில் எண்ணே இல்லை. “எங்களை ஏன் எண்ணவில்லை?” என்று அவள் கேட்டால், அக்கேள்வியே வரலாற்றுக் கல்வியின் முதற்படி எனலாம். எந்தப் பள்ளித் திண்ணையிலும் ஏற்றப்படாத குழந்தைக்கு இவ்வட்டவணையில் கட்டமே இல்லை என்பதையும் ஆசிரியர் அப்போது எடுத்துக்காட்டலாம். ஆவணம் பேசுவது ஒருபுறம். அது வாய்திறவாத இடம் மறுபுறம். இரண்டையும் கேட்கப் பழகிய செவியே வரலாற்றுச் செவி.

எண்களை ஐயுறவும் இத்தொகுதியே கற்பிக்கின்றது. சென்னை நகரில் வீட்டிலேயே பயில்வோர், பள்ளியில் பயில்வோரைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கணக்கு வந்தபோது, அதில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே கருதினார். கன்னட மாவட்டத்து ஆட்சியரோ, அட்டவணையை நிரப்புவதற்குக் காலம் மிகுதியாகும் என்று எழுதி நிரப்பாமலே விட்டார். அச்சேறிய எண்ணெல்லாம் உண்மையன்று என்பதை இளமையிலேயே அறிந்த குழந்தை, வளர்ந்தபின் எளிதில் ஏமாறாது.

கிளியும் மணலும்

பெல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்த கேம்பெல் 1823ஆம் ஆண்டு அனுப்பிய விடை இத்தொகுதியுள் தனித்து ஒளிர்வது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்றதையும், முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குச் சொல்லிக்கொடுத்ததையும் அவர் விரிவாக எழுதினார். மக்கள் வறுமையுற்றதாலும் பழைய அரசுகள் அளித்த ஆதரவு நின்றதாலும் பள்ளிகள் நலிந்தன என்றும் மறைக்காமல் எழுதினார். அதே ஆட்சியர், பிள்ளைகள் ஏராளமான செய்யுள்களைப் பொருள் அறியாமல் கிளியைப்போல் ஒப்பிக்கின்றனர் என்றும் குறைகூறினார். இருநூறு ஆண்டுகளுக்குமுன் செய்யுளைப் பற்றி எழுந்த அக்குறை, அரசர் பட்டியலை ஒப்பிக்கும் வகுப்பறைக்கும் பொருந்தாது என்று சொல்ல முடியுமா?

அந்த மணல் கடல்கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டு தொடங்கிய படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797ஆம் ஆண்டு இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின்வழி அம்முறை இங்கிலாந்தில் ‘சென்னை முறை’ எனவே பெயர்பெற்றது. அதே எழும்பூரில்தான் 1909ஆம் ஆண்டு முதல் அரசு ஆவணக் காப்பகம் நிலைபெற்றுள்ளது என்பது எண்ணி மகிழத்தக்கது.

குடத்துள் கைவிட்ட சிறுவன்

ஆங்கில ஆவணம் ஆசிரியர் துணையின்றிப் பிள்ளைகட்குப் புரியாது என்பது உண்மையே. தமிழிலேயே அமைந்த மூலச்சான்று வேண்டுமாயின் உத்தரமேரூர் உள்ளது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் நூல்களில் பெயரளவில் படிக்கப்படுபவை. முப்பது குடும்புகள், குடும்புதோறும் பெயர் எழுதிய ஓலைகள், அவற்றை இட்ட குடம், குடத்துள் கைவிட்டு ஓலை எடுப்பவனோ ஒன்றும் அறியாத ஒரு சிறுவன்! பேரவையின் நடுவே நின்ற அச்சிறுவனை வகுப்பறைப் பிள்ளை தன் வயதினனாக உணர்ந்துவிடுகின்றது. ஒரு மண்குடமும் சில தாள்துண்டுகளும் இருந்தால் அன்றைய பாடம் நடந்துவிடும்.

ஆனால் பாடம் அங்கே நின்றுவிடலாகாது. ஓலையில் பெயர் இடம்பெற வேண்டுமாயின் வரிசெலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்திற்கு மேல் எழுபதிற்குள் இருக்க வேண்டும், வேதப்பயிற்சியும் வேண்டும். இத்தகுதிகளை வரிசையாகப் படித்தபின், “நம் ஊரில் யார் யார் பெயர் குடத்துள் விழும்? யார் பெயர் விழாது?” என்று வினவினால், பிரமதேய ஊரின் சபை அது என்பதும், உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கு ஓலை இல்லை என்பதும் தாமே வெளிப்படும். ‘உலகிற்கே குடியாட்சி தந்தோம்’ என்னும் மேடைப்பெருமிதம் சற்றுக் குறையலாம். முறைகேட்டைத் தடுக்க அவர்கள் வகுத்த விதிகளின் நுட்பத்தில் எழும் மதிப்போ குறையாது. பெருமையும் குறையும் ஒருங்கே தெரியக் கற்பதே உண்மையான பற்று.

கல்வெட்டின் நிழற்படம் ஒன்றைக் காட்டினால் எழுத்தின் வரலாறும் உடன்வரும். புள்ளி இல்லாத மெய்யும், குறில் நெடில் வேறுபடாத எகரமும் அவர்களுக்கு விடுகதை போலச் சுவைக்கும்.

வீட்டுப் பெட்டியில் காப்பகம்

காப்பகத்திற்குச் செல்ல இயலாத சிற்றூர்ப் பள்ளிக்கும் ஆவணங்கள் உண்டு. பாட்டியின் திருமண அழைப்பிதழ் அவற்றுள் ஒன்று. 1978ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சானதாயின், அதில் ணகர லகரங்களின் ஐகாரம் யானைத் துதிக்கை தூக்கியதுபோல் நிற்கும். பழைய நிலப்பத்திரம், தபால் அட்டை, பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு ஆகியனவும் அவ்வாறே. பதிவேட்டில் சாதிக்கட்டம் இருப்பதால் பெயர்களை மறைத்த படியையே வகுப்பில் காட்ட வேண்டும். ஒரு குழந்தையும் அதனால் தலைகுனிதல் கூடாது. யார் எழுதினார், யாருக்கு, எப்போது, எதற்கு, யார் விடுபட்டார் என்னும் ஐந்து வினாக்கள் போதும். வாரம் ஓர் ஆவணமே போதும், பாடத்திட்டம் தடைப்படாது.

இலக்கிய வட்டங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு முதல் 1761ஆம் ஆண்டு வரை எழுதிய நாட்குறிப்பு, இலக்கியமாக வேண்டும் என்று எழுதப்பட்டதன்று. புதுச்சேரியின் கப்பலும் வணிகமும் வம்பும் அன்றைய பேச்சுத் தமிழில் அதனுள் உயிரோடு உள்ளன. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கூட்ட அறிக்கைகளும், அழைப்பிதழ்களும், திருத்தங்களோடு கூடிய கவிதைப் படிகளும், வரவு செலவுக் குறிப்பேடும் அத்தகையனவே. அச்சான கவிதையைக் காட்டிலும் அடித்துத் திருத்திய படி ஒரு பிள்ளைக்குக் கவிதை பிறக்கும் வகையைத் தெளிவாகக் காட்டும். அவற்றைத் தேதியிட்டு ஒரு பெட்டியில் காத்து, அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கொருமுறை திறந்துகாட்டுவது வட்டம் செய்யத்தக்க பணி.

மன்றோவின் கணக்கில் 1,88,650 என்னும் எண்ணாக நின்ற பிள்ளைகளுள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. மணலில் எழுதிய அவர்தம் எழுத்துகள் அன்றன்றே அழிந்தன. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அவ்வட்டவணையே சான்று. இன்று அதனை எண்ணிப் பார்க்கும் பத்து வயதுக் குழந்தை அவர்களுள் ஒருவரையேனும் மனக்கண்ணால் காணுமாயின், வரலாறு அதற்கு மனப்பாடச் சுமையாக இராது.