கொயினாவும் காதிரைச்சலும்

ஸ்பிரிங்வெளிப் பக்கம் மூத்தோர் அதைக் 'கொயினா' என்றே சொல்வர். அதன் தாய்மரமான சிங்கோனாவை வளர்க்கவே 1861இல் ஹக்கலைத் தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டது. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டபின், தேயிலை வேரூன்றும்வரை துரைமார் பலர் சிங்கோனாப் பட்டையை நம்பியிருந்தனர். அதை உரித்தவையும் எம்மவர் கைகளே.

மலேரியா ஒட்டுண்ணி குருதிச் சிவப்பணுவினுள் புகுந்து ஈமோகுளோபினை உண்கிறது. மிஞ்சும் நச்சுக் கழிவைப் பளிங்காக்கித் தப்புகிறது. கொயினா அந்த வழியை அடைக்கிறது என்பர். நம் உயிரணுக்களில் அவ்வேலை நடப்பதில்லை. எனினும் மருந்து ஒட்டுண்ணியோடு நின்றுவிடுவதில்லை. உட்காதையும் இதயத்தையும் தீண்டும், இரத்தச் சர்க்கரையையும் குறைக்கும்.

1934-35 கொள்ளைக்காய்ச்சலில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அக்காலத்தில் வேறொரு தோட்டத்தில் கொயினா குடித்த என் அப்பாயி, காது இரைகிறது என்றபோது, வேலைக்கள்ளம் என்று சொல்லி அரைப்பேர் போட்டார்களாம்.

2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அப்பாயியின் செவியில் இரைந்தது பொய்யல்ல, மருந்தின் மறுபக்கமே என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.